வரியில்லாத கொம்பு

அன்புத் தங்கச்சிக்கு,

முப்பத்தோரு வருடமாக நான் உனக்கு எழுதவில்லை. காரணம் உனக்கே தெரியும். வயலுக்கு எருவாக்க இலையுதிர் காலத்தில் சாணம் அடைத்துப் புதைக்கிற பசுக்கொம்புகளோடு ஒரு காளைக்கொம்பையும் நீ சேர்த்துவிட்டாய். ஊரார் முன்னால் நான், "கன்னு போட்டா பசுக்கொம்புல விழற வரி இருக்கான்னு தடவிப் பாக்கத் தெரியாதா? உனக்கெல்லாம் எதுக்குடி பண்ணை?" என்றேன். நீலக் கவுனைத் தட்டிவிட்டுப் போனவள்தான் நீ.

ஈஸ்டர் முடிந்து நேற்று கொம்புக் குழியைத் தோண்டினோம். பனிக்காலம் முழுக்க மண் உள்ளுக்குள் விழித்திருந்து, பசுவின் கொம்பு வழியாகச் சாணத்துக்கு உயிர் கொடுக்கும் என்பாரே அப்பா, அப்படியே எல்லாக் கொம்பிலும் சாணம் கறுத்து, காட்டு மண்ணாக மணத்தது. ஒரு கொம்பில் மட்டும் பச்சைச் சாணமாகவே நாறியது. பக்கத்துப் பண்ணை கோர்பினியன் அந்தக் கொம்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"வரியே இல்லியே பாட்டி! இந்தக் காளையை யாரு புதைச்சது?"

"எலியா இருக்கும்" என்றேன்.

எலி இல்லை. வரியைத் தடவிப் பார்க்காமல் புதைத்தது நான்தான். இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பிற்பகல் அந்த எருவை வயலில் தெளிக்கத் தண்ணீரில் கலக்க வேண்டும். தண்ணீரில் சுழி அடிவரை விழ விழக் கலக்கும் திசையை மாற்றி, ஒரு மணி நேரம், நிறுத்தாமல். என் தோள் அரை மணிக்கு மேல் தாங்காது. பாதியில் நின்றால் வயலுக்கு இந்த வருடம் ஒன்றுமில்லை. கோர்பினியன் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அது நம் அப்பாவின் வயல்.

நீ வா. முதல் அரை மணி நான் கலக்குகிறேன். மீதியை நீ கலக்கும்போது என்னை ஆசை தீரத் திட்டிக்கொள். பதில் பேச எனக்கு மூச்சு இருக்காது.

உன் அக்கா