சுத்தக் கைக்கு ஆள் இல்லை

அக்கா வீட்டில் நலமாக இருக்கும் உனக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்குத் துணை என்று சொல்லிப் போனாய். அவள் இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறாளாம். என் சகலைதான் பெருமையாகச் சொன்னார். நீ மட்டும் இன்னும் வரவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் அவள்தான் எடுக்கிறாள். "அவ இப்பத்தான் படுத்தா, எழுந்ததும் பேசச் சொல்றேன்" என்கிறாள். காலையிலும் படுக்கை, மாலையிலும் படுக்கை. நம் வீட்டில் உனக்கு அவ்வளவு தூக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

தகட்டில் படம் கீறி அச்செடுக்கக் கற்றுத்தரும் கோடைக்காலப் பட்டறையில் நம் இருவர் பெயரையும் கொடுத்தது நீ. நான் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்து எத்தனை நாளாச்சு, வாங்களேன்" என்றாய். முதல் வாரம் வந்தாய், தகட்டில் ஊசியால் என்னவோ கீறினாய், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்த அந்த இளிச்சவாயனைத் துறைத் தலைவராக்கியபோதுகூட நான் இப்படி நாலு பேர் நடுவில் அசடு வழிய நின்றதில்லை.

அங்கே வேலை ஜோடியாகத்தான் நடக்கும். ஒருவர் தகட்டில் மை பூசி, கீறலில் மட்டும் மை தங்கும்படி துணியால் துடைக்க வேண்டும். அவர் கையெல்லாம் கறுப்பு. இன்னொருவர் ஈரக் காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து, அச்சு இயந்திரத்தில் உருண்டு வந்ததும் உரித்தெடுக்க வேண்டும். அவர் மையைத் தொடவே கூடாது. அழுக்குக் கை, சுத்தக் கை என்று அதற்குப் பெயர். எனக்கு இரண்டும் நானே. கழுவிவிட்டு ஓடி வருவதற்குள் காகிதம் காய்ந்துவிடுகிறது. கழுவாமல் எடுத்தால் ஓரமெல்லாம் என் கட்டைவிரல். ஆசிரியைக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். காகிதத்தைத் தூக்கிப் பார்த்து, "சார், படத்தைவிட உங்க கைரேகைதான் தெளிவா விழுந்திருக்கு" என்றாள்.

பக்கத்து மேஜையில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மை பூசி முடித்து "அம்மணி, எடு எடு" என்பார். "பறக்காதீங்க, இது என்ன பல்லா, பிடுங்குறதுக்கு?" என்பாள் அந்த அம்மாள். நாள் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அவர்களோடு என்னைச் சேர்த்துவிடுவதாக ஆசிரியை சொன்னாள். வேண்டாம், என் ஜோடி வருவாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. இப்போது டாக்டர் தினமும் "மேடம் எப்ப வர்றாங்க?" என்று குசலம் விசாரிக்கிறார்.

போன வாரம் ஆத்திரத்தில் என் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உன்னுடையதை எடுத்து மை பூசினேன். வெறும் தகட்டில் கீறல் தெரியுமே தவிர, படம் புரியாது. காகிதத்தில் விழுந்த பிறகுதான் பார்த்தேன். என் முதுகு. நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என் முதுகு. இத்தனை வருஷத்தில் வரைய உனக்கு அதுதானா கிடைத்தது? உச்சியில் அவ்வளவு வழுக்கையும் எனக்குக் கிடையாது. ஆனால் காலரின் பின்பக்கம் தையல் விட்டு நூல் தொங்குவதைக்கூட விடாமல் கீறியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், தொங்கத்தான் செய்கிறது. இதையெல்லாம் எப்போது உட்கார்ந்து பார்த்தாய்? பார்த்தவள், "என்னங்க, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. பல தடவை சொன்னாய் என்று உன் அக்கா சாதிப்பாள். என் காதில் விழுந்ததாக ஞாபகம் இல்லை.

ஊசிக் கீறல் அதிகம் தாங்காது. ஒவ்வொரு அழுத்தத்திலும் கோடு நசுங்கி மங்கும். உன் தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகளையும் என் விரல் கறை கெடுத்துவிட்டது. அந்த நூல் இப்போதே சரியாக விழவில்லை. இன்னும் ஓரிரண்டு நன்றாக வரலாம் என்று ஆசிரியை சொன்னதும், தகட்டைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். டாக்டர் அது என்ன படம் என்று கேட்டார். காட்டவில்லை. மாதக் கடைசியில் பட்டறையை மூடிவிடுவார்கள். இயந்திரத்துக்கும் உறை போட்டுவிடுவார்கள்.

வா என்று நான் எழுதவில்லை. அக்காவுக்கு நிஜமாகவே துணை வேண்டுமென்றால் இரு. காரணம் வேறு என்றால், அதை அவள் வாயால் சொல்ல விடாதே. நீயே போனை எடுத்துச் சொல். ஒருவேளை வருவதாக இருந்தால், மை பூசுவதெல்லாம் நான். நீ காகிதத்தைப் பிடித்தால் போதும், கை அழுக்காகாது. காலை வண்டியில் வந்தால் ஸ்டேஷனில் நிற்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொள், இருமல் வராது.

கீழே என்ன போடுவது என்று தெரியவில்லை. 'அன்புள்ள' என்று போட்டால் அக்காவுக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாய். பெயரை மட்டும் போட்டால் கல்லூரிச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. 'உன் கணவன்' என்று எழுதப் போய், அது இன்னும் சரிதானா என்று பேனா நின்றுவிட்டது. அதை நீதான் சொல்ல வேண்டும். ஒன்றும் போடாமலே உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.