வத் மதனி விழுந்த வாரம்

15 டிசம்பர் 2023, வெள்ளி
காலையிலிருந்து தூறல். என் ரேணிகுண்டா கம்பெனி பஸ் புத்தூருக்கு லேட். பாப்பாவுக்கு இருமல்.

சூடானில் சண்டை வத் மதனி நகர வாசல் வரை வந்துவிட்டதாம். ஏப்ரலில் தலைநகர் கார்ட்டூமில் ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரரோடு அங்கே வேலை செய்த நம்மூர் ஆட்கள் கப்பலேறித் திரும்பினார்கள். அவர் மட்டும் மதனிக்குப் போனார். "அங்க எல்லாம் சண்டை வராது. டீசல் மெக்கானிக்குக்கு எங்க போனாலும் வேலை." வந்துவிட்டது.

கொழுந்தன் ரவி செல்போன் மேப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். பச்சை அரசுப் படை. மஞ்சள் அதை எதிர்க்கும் துணைப்படை. "அண்ணி, பாருங்க, மஞ்சளு உள்ள பூந்துகினு வருது!" கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற குரல். தட்டைப் பிடுங்கி வீசலாம் போல இருந்தது.

18, திங்கள்
லீவு போட்டேன். திருப்பதி கலெக்டர் ஆபீஸ். வீட்டுக்காரரை மீட்டுத் தரச் சொல்லி மனு. ஏகாதசிக் கூட்டம் இப்போதே. பஸ்ஸில் நின்றே போனேன். கிளார்க் தெலுங்கில் கேட்டான்: "சூடானா? அது எங்கே இருக்கிறது?" பதிலுக்குக் காத்திராமல் சீல் குத்தினான். நாய்.

சாயங்காலம் ரவி: துணைப்படை நைல் பாலத்தைத் தாண்டி மதனிக்குள் நுழைந்துவிட்டது. அரசுப் படை பெரிதாகச் சண்டையே போடாமல் பின்வாங்கிவிட்டது. அத்தனை லட்சம் ஜனத்தை அப்படியே விட்டுவிட்டு.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். திரும்ப. ஸ்விட்ச் ஆஃப். கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

19, செவ்வாய்
போன் இல்லை.

மதனியிலிருந்து ஜனங்கள் நடந்து போகிற வீடியோ. மூட்டை, கட்டில், கைக்குழந்தை. நீலச் சட்டை ஒன்று தெரிந்தது. அவர் இல்லை. மாமியார்: "ரெண்டு வாய் துன்னுட்டுப் போம்மா." முடியவில்லை.

21, வியாழன்
உயிரோடு இருக்கிறார்!

வீடியோ கால். பின்னால் பிக்கப் வண்டிகள், மேலே பெரிய துப்பாக்கி. துணைப்படைக்காரர்களின் சாட்டிலைட் நெட்டாம்.

"பயப்படாத. மொதல்ல புடிச்சிக்கினு போனாங்க. இப்ப நல்லா பாத்துக்கறாங்க. அவங்க வண்டிங்கள ரிப்பேர் பண்ணிக்கினு இருக்கேன். அடுத்து சென்னார் ஊரு பக்கம் போறோம்."

போறாங்க இல்லை. போறோம்.

ரவி விசில் அடித்தான். "அண்ணன் ஜெயிக்கிற சைடு அண்ணி!" மாமியார் கற்பூரம் ஏற்றினார். எனக்கு அழுகை வந்து பாதியில் நின்றுவிட்டது.

22, வெள்ளி
மத்தியானம் கேன்டீனில் இருக்கும்போது கூப்பிட்டார். கேமரா முன்னால் ஒரு ஜோடி தங்க வளையல். சின்னது.

"பாப்பா கைக்கு கரெக்டா இருக்கும், பாரு."

"எங்க வாங்கினீங்க?"

"பசங்க குடுத்தாங்க. ஒரு வீட்டுல இருந்துச்சாம்."

"எந்தக் கொழந்தை கைல கழட்டினது?"

"நானா கழட்டினேன்? ஆளுங்க ஓடிட்டாங்க. கெடந்தத எடுத்தாங்க."

"வளையல விட்டுட்டு ஓடுவாங்களா? அந்தப் பாப்பா எங்க?"

பின்னால் யாரோ அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். இவரும் சிரித்தார். அவர்கள் பேச்சிலேயே பதில் சொன்னார்.

கல்யாணமாகி முதல் தடவை 'நீ' என்றேன். "அத எடுத்துக்கினு நீ வாசப்படி ஏறாத." கட் செய்தேன். இவர் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது நான்தான். அதை நினைத்தால் எரிகிறது.

வீட்டில் சொன்னேன். மாமியார்: "தங்கத்துல பேரா எழுதியிருக்குது? புள்ள உசுரோட கீறானேன்னு சந்தோஷப்படு."

ரவி மேப்பிலிருந்து தலை தூக்கவில்லை.

23, சனி
ஏகாதசி. மாமியாரும் ரவியும் கோயிலுக்குப் போனார்கள். பாப்பாவின் ஸ்கூல் பை, இரண்டு பேர் துணி, என் சர்டிபிகேட்டுகள். கதவைப் பூட்டிப் பக்கத்து வீட்டில் சாவி.

தாய்வீட்டுக்கு, நகரி பஸ். ஜன்னல் சீட். நல்ல வெயில். என் நைனாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்.

"நைனாவா? குடும்மா, நான் பேசறேன்" என்று பாப்பா கை நீட்டினாள்.

கொடுக்கவில்லை.