பக்கத்தில் இருப்பவளின் கேபிள்

இன்று காலை மொட்டைமாடிப் பெட்டியைத் திறந்ததும், உப்புக் காற்றில் ஊறிய பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நீ சுருட்டி, பழைய துப்பட்டாக் கிழிசலால் கட்டி வைத்த கேபிள் அப்படியே இருக்கிறது. அதை வெட்டிவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. கையில் கட்டரோடு வெகுநேரம் நின்றேன்.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்க நாம் இரண்டு பேரும் இந்தத் திருவொற்றியூர் மாடியில் பூட்டிய, பல ஆன்டெனாக்கள் கொண்ட பலகையை, ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்காரர்கள் நாளை பார்க்க வருகிறார்கள். பெட்டிக்குள் இவ்வளவு கேபிள் அடைந்து கிடப்பது கலீஜாக இருக்கிறதாம். பெட்டியை ஒட்டி இருக்கிற ஆன்டெனாவுக்கு ஒரு முழம் போதாதா என்கிறார் முதலாளி. வாதாட என்னிடம் தெம்பில்லைடி. நீ போன பிறகு எதற்குமே தெம்பில்லை.

நீ இருந்தபோதே யாரோ ஒருமுறை அதை வெட்டி ஒழுங்குபடுத்தினார்கள், நினைவிருக்கிறதா? சோதனைக்காக அலை அனுப்பும் கருவி நேர் எதிரே தண்ணீர்த்தொட்டி மேல் இருக்க, அது எர்ணாவூர்ப் பக்கம் இருப்பதாகச் சாதித்தது பலகை. பக்கத்து ஆன்டெனா கேட்டது மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது, மற்றவை கேட்டதோடு சேரவில்லை. அந்த முந்தலைச் சரிக்கட்டும் குமிழைத் திருப்பி ஒரு அலைவரிசைக்குச் சரிசெய்தால் அடுத்தது கோணிக்கொண்டது. நம் பலகையோ எல்லா அலைவரிசைகளையும் ஒன்றாகக் கேட்க வேண்டியது. தலையில் அடித்துக்கொண்டு, தூரத்து ஆன்டெனாவின் கேபிள் நீளத்துக்கே புதுக் கேபிளை அளந்து சுருட்டினாய். "பக்கத்துல கீறவளும் அதே தூரம் சுத்திகினுதான் வரணும்மே. இல்லாங்காட்டி ஒண்ணு சேராது."

நீயும் அப்படித்தான் இருந்தாய். உன் வீடு அடுத்த தெரு. நான் வருவதோ கொருக்குப்பேட்டையிலிருந்து. கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டால் ரயில்வே கேட் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வேர்த்து வழிந்து நான் வந்து சேரும்போது, டீயை மூடி வைத்து, ஒரு வாய்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாய். ஆறிப்போச்சே, குடித்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்துவேன். "நீ வராம நான் மட்டும் இன்னாமே குடிக்கிறது" என்பாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். கடைசி நாளில் உன் அண்ணன் போன் செய்து உடனே வரச் சொன்னார். ஓடி வந்தேன். கேட் மூடியிருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் நீ காத்திருக்கவில்லை. பாவி, எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கீழே இறங்கிப் போய் முதலாளியிடம், சுருளை வெட்ட மாட்டேன், பார்க்க நன்றாக இல்லையென்றால் பெட்டிக்கு ஒரு மூடி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கு அளவெடுக்க டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார் அவர். கட்டரை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன்.

டீ வந்தது. சூடாகத்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.