பாசியைப் பிழிந்தவர்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதலாமா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே சொல். போனில் சொல்லியிருப்பேன். நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில் கடை விஷயம். சலவைக்கு வரும் துணி குறையவில்லை. மெஷின்களை நான் பார்த்துக்கொள்கிறேன், இஸ்திரிக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறேன். அந்த ஆளைக் குறை சொல்வதுதான் இப்போது அப்பாவின் வேலை. பக்கவாதம் வந்ததில் அவர் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று உனக்குத் தெரியும். வலது கைதான் மடியில் கிடக்கிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். "நான் என்ன சின்னப் புள்ளையா" என்று அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வருகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அந்த வாயும் அடங்கிக் கிடந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவரை ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. பலகை போட்ட சின்னப் பாதை, ஒரு சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். நல்ல குளிர், விட்டு விட்டுத் தூறல். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு மரங்கள், அடி முதல் கிளை வரை பச்சைப் பாசி. பெரணிச் செடிகளால் தரையே தெரியவில்லை. எப்போதோ விழுந்த ஒரு மரத்தின் முதுகில் வரிசையாகக் கன்றுகள் முளைத்திருந்தன. ஓடைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மெஷின் சத்தத்தையே கேட்டுப் புளித்த காதுக்குச் சுகமாக இருந்தது.

அப்பாவோ, "இங்க ஒரு துணி காயுமா" என்றுதான் கேட்டார்.

பாதை திரும்பும் இடத்தில் ஒரு கிளையிலிருந்து பாசி நீளமாகத் தொங்கியது, கொடியில் போட்ட துண்டு மாதிரி. நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற துணியைப் பார்த்தால் உன் அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? நேரே போய் இடது கையால் பிடித்து முறுக்கினார். ஒரு கையால் எதையும் பிழிய முடியாது. வலது கை தானாக எழுந்துபோய்க் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தது. விரல்கள் மடங்கின. கட்டைவிரல் சேரவில்லை. ஆனாலும் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி ஸ்வெட்டரை நனைத்தது. "எவன் பிழிஞ்சான் இத" என்று முணுமுணுத்தார். கை எழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கை திரும்பிப் போய்விடுமோ என்று இருந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தவர், "மூக்கு ஒழுகுது பாரு, சளி புடிக்கப்போகுது, வா வீட்டுக்கு" என்று திட்டினார். பல நாள் கழித்துக் கேட்ட திட்டு. பஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். கை முழுதாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, பந்தை விட்டுவிட்டு ஈரத்துண்டைக் கொடுங்கள் என்றாள். அதிலிருந்து தினமும் எனக்கு மணிக்கட்டு வலி, அவர் காதுக்கு மட்டும். சரியாகப் பிழியாத துண்டு ஒன்றைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே பிழிவார்.

அதனால் நீ வர வேண்டாம். நீ வந்தால் எனக்குப் பாரம் இறங்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டை நீ பிழிந்துவிட்டால் அவர் கை மறுபடி மடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பரீட்சை முடித்து லீவுக்கு வா. உன் கட்டிலில் விரிப்பு மாற்றித்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவரிடம்தான் மடிக்கக் கொடுக்கப் போகிறேன். படிக்க மாட்டார், கண்ணாடி என்னிடம் இருக்கிறது. அப்பா மடித்த சட்டையில் நீ கோணல் பார்த்திருக்க மாட்டாய். இது கோணலாகத்தான் வரும். நீவி நேராக்கிவிடாதே, அப்படியே வைத்துக்கொள்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் படி, நீ நன்றாக இருப்பாய்.

உன் அம்மா