பிரசவ லீவும் சேர்த்தி

செவ்வாய்க்கிழமை

நான் வேலை செய்த கார்மென்ட் தொழிற்சாலை மூடி ஒன்பது நாள். கத்தாரில் வேலை செய்யும் என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. பணிக்கொடை எவ்வளவு வரும் என்று தெரிந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால்தான் அது கிடைக்கும். என் கணக்கில் இரண்டு மாதம் குறைந்தது. என்றாலும் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் தொழில் கந்தோருக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி மிஸ் என் கணக்கைப் பார்த்தார்.

"பிரசவ லீவைக் கழிச்சிட்டீங்களா?"

"ஓம் மிஸ், வேலைக்குப் போகல்லயே."

"அதையும் சேர்க்கணும் புள்ள. அஞ்சு வருஷம் தாண்டுது."

மிஸ் தந்த விண்ணப்பப் படிவத்தோடு பஸ் நிலையத்தில் நின்று அழுதேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு களைப்பு.

வீட்டுக்கு வந்ததும் இவருக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன்.

"இத்தனை நாளும் தனியவா மனசுக்குள்ள வெச்சிருந்த நீ?" என்றார்.

போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். படிவம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. தூக்கத்தில் கண் செருகுகிறது.