இது யார் விளைத்த சாமை

மாரண்டஹள்ளி
22.10.1984

மாமாவுக்கு,

தீர்த்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவள் காலாண்டுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. கறுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. ஆறட்டும் என்று விட்டேன். ஆறவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டை ஓசூர்க்காரருக்குக் கொடுக்கப் பேசிவிட்டதாகவும், அவர் அதில் தைலமரம் நடுவார் என்றும், கார்த்திகையில் ரிஜிஸ்டர் செய்ய வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்டில் என்ன இருக்கிறது, சாமையும் கொள்ளும்தானே என்று ஒரு வரி வேறு. அந்த வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தர்மபுரியில் உலக உணவு நாள் என்று கூட்டம் நடந்தது. அதற்கு முன்னால் விவசாய ஆபீசர் நம் வூட்டுக்கு வந்து, இந்தப் பக்கத்தில் உங்கள் சாமைதான் மணி திரட்சியாக இருக்கிறது, காட்சிக்கு வைக்கக் கொண்டு வாங்க என்றார். எனக்குச் சந்தோஷம்தான். புரட்டாசியில் அடித்த சாமையில் இரண்டு படி, குதிரிலிருந்து கேழ்வரகு இரண்டு படி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தானியக்கடை தாவூது பாயின் சம்சாரம் ரஹமத் பீவியும் துணைக்கு வந்தாள்.

மேடையில் மெட்ராஸிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பேசினார். எத்தனையோ தேசங்களில் ஜனங்களின் வயிற்றை நிரப்புவது பெரிய பண்ணைகள் மட்டுமல்ல, இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கரில் குடும்பத்தோடு பாடுபடுகிறவர்கள்தான், அவர்கள் விவசாயத்தைக் கைவிட்டால் உலகம் பட்டினி கிடக்கும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு ஆள் நம்மைப் பற்றிப் பேசுகிறாரே என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு காட்சி மேஜைப் பக்கம் போனோம். என் சாமைக்கு முன்னால் ஒரு அட்டை. முன்னோடி விவசாயி மாதப்பன், மாரண்டஹள்ளி என்று உங்கள் பேர் எழுதியிருந்தது. ரஹமத் பீவி படித்துவிட்டு, உன் வீட்டுக்காரர் பம்பாயிலிருந்தே விதைக்கிறாரா என்று கேட்டாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசரிடம் போய்ப் பேரை மாற்றி எழுதச் சொன்னேன். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி, உங்களை வீட்டுவேலை என்றுதான் எழுதியிருக்கிறோம், இதற்கெல்லாம் வருத்தப்படாதீங்க என்றார். ஆறு வருஷமாக அந்தக் காட்டை யார் பார்க்கிறார்கள் மாமா? ஏர் ஓட்ட ஆள் வராத வருஷம் ஊரே வேடிக்கை பார்க்க நான்தானே மாட்டைப் பிடித்தேன். அது வீட்டுவேலையா?

அந்தச் சமயம் மேடையிலிருந்து உங்கள் பேரைக் கூப்பிட்டார்கள். சிறந்த விவசாயிக்கு மருந்து தெளிக்கும் கருவியும் சான்றிதழும் தருகிறார்களாம். புருஷனுக்காக நீங்க வாங்கிக்கோங்க என்று ஆபீசர் அவசரப்படுத்தினார். நான் மேடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பம்பாயில் கட்டட வேலை செய்கிறார், வரும்போது அவரே வாங்கிக்கொள்ளட்டும், விளைத்தது நான், எனக்குக் கொடுப்பதானால் என் பேரைச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மெட்ராஸ் பெரியவர் மட்டும் எழுந்து, உங்கள் பேர் என்னம்மா, மழையில்லாத வருஷம் இந்த விதை தாங்கியதா என்று கேட்டார். தாங்கியது என்றேன். அவர் குறித்துக்கொண்டார். ஆனாலும் அட்டையை ஒருவரும் மாற்றவில்லை. நான் சாமையையும் கேழ்வரகையும் அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று யாராவது உங்களுக்கு எழுதலாம். நடந்தது இதுதான்.

மழையில்லாத அந்த வருஷத்தை நான் உங்களுக்குச் சரியாக எழுதவில்லை, நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று. உங்கள் மணியார்டர் மாசம் தவறாமல் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால் ரேஷன் கடையில் அரிசி இல்லை, தாவூது பாய் கடையில் சாக்கெல்லாம் காலி. கிணறு வைத்தவர்கள் காடுகூடக் காய்ந்தது. மேட்டுக்காட்டுச் சாமைதான் நாலு மூட்டை வந்தது. நம் தெருவில் ஐந்து வூடு அதைத்தான் கஞ்சி காய்ச்சிக் குடித்தது. ரஹமத் பீவியின் பிள்ளைகளும் குடித்தார்கள். தானியக்கடைக்காரர் வூட்டுக்கு நாம் தானியம் கொடுத்தோம் மாமா. தைலமரம் நட்டிருந்தால் அன்றைக்கு எதைக் காய்ச்சியிருப்போம்?

நேற்று ஓசூர்க்காரர் காட்டை அளக்கச் சங்கிலியோடு வந்தார். சாமை அறுத்த ஈரத்தில் கொள்ளு விதைத்திருக்கிறேன், இப்போதுதான் நாலு இலை விட்டிருக்கிறது. மிதிக்காதீங்க என்றேன். கொள்ளுதானே, மாடு தின்கிறது என்றார். உன் கையெழுத்து எனக்கு வேண்டியதில்லை, உன் புருஷன் கையெழுத்துப் போதும் என்றும் சொன்னார். நான் வரப்பில் நின்றேன். அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் நின்று தடுக்கக்கூடியது வரப்பு வரைக்கும்தான்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கார்த்திகையில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வர வேண்டாம். தையில் கொள்ளு பிடுங்க வாருங்கள். இரண்டு வருஷமாகிறது நீங்கள் வந்து. அங்கே உங்களை இழுத்து வைத்திருப்பது எதுவாக இருந்தாலும், அதை எழுத முடியாவிட்டால் நேரில் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிற தெம்பு எனக்கு இருக்கிறது. காட்டை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள். அது பிள்ளைகளின் சோறு.

முனியப்பன் உங்களைக் காப்பாற்றட்டும். உயரத்தில் வேலை செய்யும்போது கீழே பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தீர்த்தம்மாள், விவசாயி