சம்பந்தி வீட்டு மோரிஸ் மைனர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய வலது முழங்காலையும் என்னுடைய வயிற்றெரிச்சலையும் கழித்துவிட்டுப் பார்த்தால். முழங்காலுக்கு டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். வயிற்றெரிச்சலுக்குக் களிம்பு கிடையாது, அதனால்தான் இந்தக் கடிதம். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டே இருப்பாள். இது என் வாயால் முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதற்கு முன் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, உன் பழைய மேஜையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் சம்பந்தி செய்திதான், இந்த வீட்டில் இப்போது வேறு பேச்சே கிடையாது.

உன் மாமனார் கல்லூரியில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றதும், அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்து மோரிஸ் மைனரை வாங்கி வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு நிறுத்தியதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரோடு வீடியோவில் இரண்டு மணி நேரம். எனக்கு, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க, நாலு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். கதவுத் தூணிலிருந்து கை நீட்டுகிற சிக்னலுக்காக நீ அங்கே வெளிநாட்டில் மூன்று சந்தை அலைந்தாயாமே, ஜன்னல் ரப்பருக்காக ரயில் ஏறிப் போனாயாமே, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். இங்கே கொல்லனை வாசலில் உட்கார வைத்துவிட்டு மாமனாரும் மருமகனும் உள்ளே ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷம் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனடா நான். நீ ஒன்பதாவது படிக்கும்போது, கிரீஸ் நாத்தம் அடிக்குது, அப்பா துண்டை வேற கொடியில போடும்மா என்று சொன்னாய். அடுத்த அறையில்தான் இருந்தேன், காதில் விழுந்தது. படிக்கிற பிள்ளை, மூக்கு கொஞ்சம் மேலேதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன், துண்டும் வேறு கொடிக்குப் போய்விட்டது. போன மாதம் சம்பந்தி தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, பாருங்க சம்பந்தி உங்க பையன் விரலை என்றார். பத்து நகத்திலும் கறுப்புக் கிரீஸ், நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். அந்தப் படத்தை நீ அவருக்குத்தான் அனுப்பியிருக்கிறாய். எனக்குக் காதில் புகை வந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது.

என்னிடம் இஞ்ச் ஸ்பேனர் சுருள் ஒன்று இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, காக்கித் துணியில் சுற்றியிருக்கும். அந்தக் காலத்து பஸ் எல்லாம் இஞ்ச் அளவுதான், இவருடைய காரும் அப்படியே. பேராசிரியர் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி இரண்டு நட்டுகளின் மூலையை மழுங்கடித்த பிறகுதான் என் ஞாபகம் வந்தது. கேட்டபோது, தேடிப் பார்க்கணும் என்றேன். கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, தேட வேண்டியதே இல்லை. பிறகு உன் அம்மா கண்ணை உருட்டினாள் என்பதற்காக எடுத்துப் போனேன், ஆனால் சுருளோடு கொடுக்கவில்லை. அன்றைக்கு எது வேண்டுமோ அந்த ஒரு ஸ்பேனர் மட்டும், வேலை முடிந்ததும் கையோடு திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன். அடுத்த நட்டுக்கு அவர் மறுபடியும் என்னைத்தானே கூப்பிட்டாக வேண்டும். அற்பப் புத்திதான், தெரிகிறது. உன் அம்மா அந்த வார்த்தையையே சொல்லிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பிரேக் ரப்பர் கப் பார்சல் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து அந்த ரப்பர்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் டப்பா, சாதாரண கிரீஸ். ஒவ்வொரு ரப்பராக எடுத்து, குழந்தைக்கு மருந்து போடுகிற மாதிரி ஆள்காட்டி விரலால் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். பிரேக் ரப்பரில் கிரீஸ் படவே கூடாது. பிரேக் ஆயிலிலேயே நனைத்துத்தான் போட வேண்டும், கிரீஸ் பட்டால் சில நாளில் ரப்பர் ஊதிவிடும். டிப்போவில் சேர்ந்த முதல் வாரமே தலையில் தட்டிச் சொல்லித் தருகிற பாடம் இது. சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, அப்பா, அதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நேரா காட்டுங்க என்று உன் குரல் கேட்டது. நான் என்னடா என்று திரும்பிவிட்டேன். போன் ஜன்னல் மேல் சாய்த்து வைத்திருந்தது, நீ கேட்டது அவரிடம். எப்போதிலிருந்து மாமா அப்பா ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவர் காட்டினார், நீயும் பார்த்துவிட்டு, சூப்பர், பளபளன்னு இருக்கு என்றாய். நான் அங்கேதான் நின்றேன், இரண்டு அடி தள்ளி. உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது, இந்த ஆளை ஒரு வார்த்தை கேட்போமே என்று தோன்றவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் எல்லா ரப்பரையும் தடவி முடித்து மாட்டும் வரை நின்று பார்த்துவிட்டு, ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதிமூன்று நாள் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லாமல் இல்லை, தினமும் நடந்து போகிற தூரம்தானே. பட்டால் தெரியும், ரசாயனம் படித்தவருக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி தெருவில் நிற்கும், நாலு பேர் கூடுவார்கள், அப்போது இந்த டிப்போக்காரன் போய்ச் சரி செய்வான், அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு அவர் அதைச் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு கணக்கு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்தக் காட்சியை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

போன சனிக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்று வந்தார். கிளம்பும்போது சட்டைப் பையில் சின்ன ஸ்பேனர் ஒன்றைப் போட்டுக்கொண்டேன், சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறக்கிற ஸ்பேனர். பார், அதை மட்டும் போட்டுக்கொண்டேன். வண்டி என்னவோ அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பச்சைப் பெயிண்டில் என் முகம் தெரிந்தது. நான் முன் சீட்டில் ஏறிவிட்டேன். பின்னால் உன் அம்மா ஏறினவள், ஐயோ இங்க பாருங்களேன் என்றாள். திரும்பினேன். பின் சீட்டில் குட்டிக்கு ஒரு சின்ன இருக்கை. அவரே பலகை அறுத்து, பஞ்சு வைத்து, சம்பந்தி அம்மா தைத்த உறை போட்டு, பெல்ட்டோடு தரையில் போல்ட் அடித்திருக்கிறார். நீங்கள் ஊருக்கு வருகிற அன்றைக்கு ஏர்போர்ட்டிலிருந்து இதில்தான் அழைத்து வரப் போகிறாராம். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாராம். எனக்கு வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்து, அங்கே ஐஸ் கட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதாவது இறங்கச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. தெருதானே, மெதுவாகத்தானே போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது முறை பிரேக் மிதித்த பிறகு வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு வாசனை வந்தது. இன்ஜின் புதுசா சூடாகுது, அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். எனக்குத் தெரியும், அது பிரேக் வாசனை. மிதித்த பிரேக் ஆயில் திரும்பி வர பெடலுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு, ரப்பர் ஊதி அதை அடைத்துவிட்டால் பிரேக் பிடித்தது பிடித்தபடியே நிற்கும், சக்கர டிரம் கொதிக்கும், அந்தச் சூட்டில் ஆயிலும் கொதித்துவிட்டால் பிறகு பெடல் தரை வரை போகும், ஒன்றும் பிடிக்காது. இவர் என்ன செய்தார் தெரியுமா, ஏர்போர்ட் வழியைப் பார்த்துவிடுவோம் என்று மேம்பாலம் ஏறுகிற ரோட்டுக்குத் திருப்பினார். ஏறினால் அந்தப் பக்கம் இறங்கியாக வேண்டும், கீழே சிக்னல், லாரிகள். பின்னால் உன் அம்மா அந்தக் குட்டி இருக்கையின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவளுக்கு இது சரியா இருக்கும் என்று பேசிக்கொண்டே வருகிறாள். நிறுத்துங்க என்று நான் கத்திய கத்தலில் பக்கத்தில் சைக்கிளில் போனவனும் நிறுத்திவிட்டான்.

ஓரம் கட்டியதும் இறங்கி, படுத்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்தது, பிடித்திருந்த சக்கரம் விட்டது. ஸ்டார்ட் பண்ணாமல் நாலு பேரைப் பிடித்து வீடு வரை தள்ளிக்கொண்டே போனோம், நான் நினைத்த மாதிரியே கூட்டமும் கூடியது. தகரக் கூரைக்குக் கீழே வைத்துக் கழற்றினேன். ஒவ்வொரு ரப்பரும் உதடு தடித்து, உள்ளே போனது வெளியே வர மாட்டேன் என்றது. கிரீஸ்தான் காரணம் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மாட்டுறப்ப நீங்க பாத்திருந்தா சொல்லியிருப்பீங்க, நான்தான் அவசரப்பட்டு மாட்டிட்டேன் என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகமே இல்லை, உன்னிடம் பேசுகிற குஷியில் இருந்தார். ஆமா, நான் கவனிக்கல என்றேன். அந்த மனிதர் என் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு எங்க எல்லார் உசிரையும் காப்பாத்தினீங்க சம்பந்தி என்றார், கண்ணில் தண்ணீர் வேறு. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராமே. நீ உடனே எனக்குப் போன் பண்ணி, யூ ஆர் கிரேட்பா என்றாய். பல வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. மாத்திரை போடணும் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

சட்டையைத் துவைக்கப் போட்ட உன் அம்மா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து என் முன்னால் வைத்தாள். ரவுண்டு போறதுக்கு எதுக்குங்க இது என்றாள். நான் அதை எடுத்துப் போய்க் காக்கிச் சுருளில் செருகினேன். முழங்கால் வலியோடு அந்தப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், மூன்று நாளாக என்னோடு அளந்துதான் பேசுகிறாள்.

எனக்கு இன்னும் பொறாமைதான், அது போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். அவர் உனக்காக வைத்திருப்பது கார், நான் வைத்திருப்பது உன் பழைய மேஜை. ஆனால் அந்தச் சின்ன இருக்கையை நான் பார்த்த பிறகும் இரண்டு தெரு வாயைத் திறக்காமல் வந்தேன், அதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, உன் போன் வருவதற்கு முன்னாலேயே போய் அவரிடம் நானே சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எப்படியும் பத்து நாள் ஆகும், அதற்குள் சொல்லியிருப்பேன். ஒருவேளை சொல்லாமலே இருந்தாலும் இருப்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் இதைப் படித்ததும் முதலில் எனக்குப் போன் பண்ணு. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று ஆரம்பிக்காதே. சொல்லிட்டீங்களாப்பா என்று கேள்.

புது ரப்பர் கப் ஒரு செட் அனுப்பு, பார்சலின் மேல் என் பெயரை எழுது. ஆயிலில் நனைத்து நானே மாட்டுகிறேன், அவர் உட்கார்ந்து பெடலை மிதிக்கட்டும், ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாத வேலை அது. காக்கிச் சுருளை நேற்றே அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், முழுசாக. குளிரில் குட்டிக்குக் காதை மூடிவிடு. மருமகளை நான் கேட்டதாகச் சொல். மூவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். நகத்தில் கிரீஸ் போகவில்லை என்றால் கொஞ்சம் சர்க்கரையும் சோப்பும் சேர்த்துத் தேய், போய்விடும். தேய்ப்பதற்கு முன் ஒரு படம் எனக்கும் அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா